பாய்த்தறியை மேசைமேல் விரிக்க முடியாது

பொங்கல் நெருங்கினால் அடுக்குமாடிக் குடியிருப்பு, கல்லூரி, ஐ.டி. வளாகம் என்று எல்லா இடத்திலும் ‘கிராமத்துத் திருவிழா’ நடக்கும். வாசலில் கரும்பு, ஓரத்தில் மாட்டுவண்டி, உள்ளே வரிசையாகப் பத்துக்குப் பத்து ஸ்டால். அதில் இரண்டு மூன்றுக்கு மேலே ‘பாரம்பரியக் கைவினை, நேரடிச் செயல்விளக்கம்’ என்று பேனர் தொங்கும். கைவினைக்காரர்களைக் கூப்பிடுவது நல்ல காரியம். என் ஆட்சேபம் எல்லாம் அந்த ‘நேரடிச் செயல்விளக்கம்’ என்ற சொல்மேல்தான். அந்தத் தொழிலுக்கு எவ்வளவு தரை வேண்டும், எவ்வளவு தண்ணீர், எத்தனை ஆள் என்று பேனர் அச்சுக்குப் போகும்முன் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வந்தவர் கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் வெள்ளைத்துணி போட்ட மேசையையும் கொடுத்துவிட்டு, “செஞ்சு காட்டுங்க” என்கிறார்கள்.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர். லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் வழிவழியாகச் செய்துவரும் தொழில். பாதி வேலை தறிக்கு வரும்முன்பே முடிந்திருக்கும், அதைத்தான் திருவிழாவில் யாருமே பார்ப்பதில்லை. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளரும் கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, பச்சையிலேயே நெடுக்காகக் கீறிக் காயவைக்க வேண்டும். காய்கிற நேரத்தில் ஒரு மழை விழுந்தால் போச்சு. கோரை கறுத்துவிடும், அப்புறம் எந்தச் சாயமும் அதில் பளிச்சென்று பிடிக்காது. பட்டுத்துணிபோல மெலிசாக நெய்கிற பட்டுப்பாய்க்கு என்றால், காய்ந்த கோரையைக் கட்டுக்கட்டாகக் கட்டி ஓடுகிற தண்ணீரில் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம்வரை போட்டுவைப்பார்கள். ஊறி மூன்று மடங்கு பருத்துவிடும். ஓடுகிற தண்ணீர் என்பது முக்கியம். தேங்கின தண்ணீரில் போட்டால் நாற்றம் எடுக்கும், நிறமும் மங்கும். பிறகு மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றி, அதற்குப் பிறகுதான் தறி.

தறி என்றதும் காஞ்சிபுரத்துக் கைத்தறியைப்போல நிற்கிற ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள். பாய்த்தறி தரையோடு தரையாகக் கிடப்பது. நாலு முளை அடித்து, முன்னும் பின்னும் ஒவ்வொரு மூங்கில் கழியை அவற்றோடு சேர்த்துக் கட்டி, இரண்டு கழிக்கும் நடுவே நீளவாக்கில் ஓடும் பாவு நூலை விறைப்பாக இழுத்துவிடுவார்கள். நெய்கிறவர் பாவுக்கு மேலேயே பலகை போட்டு உட்கார்ந்து, நெய்ய நெய்ய நகர்ந்துகொண்டே போவார். ஆறடிப் பாய் என்றால் பாவு எட்டடிக்குக் குறையாது. அகலம் மூன்று நாலு அடி. பக்கத்திலிருந்து கோரையைச் செருக இரண்டு புறமும் இடம் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்துக்குப் பத்து ஸ்டாலில் தறி மட்டும்தான் கிடக்க முடியும். அதற்குள்ளேயே விற்பனை மேசையும் போட்டால் அவர் எங்கே உட்காருவார்?

அடுத்த சிக்கல் முளை. கல்யாண மண்டபத்து டைல்ஸிலும் கார் நிறுத்தும் இடத்து கான்கிரீட்டிலும் முளை இறங்காது. நாலு மூலையில் மணல் மூட்டை வைத்துச் சமாளித்துவிடலாம் என்பது ஏற்பாட்டாளர்களின் வழக்கமான யோசனை. மூட்டை நிற்கும், பாவு நிற்காது. செருகிய கோரையை நெருக்குகிற அச்சுப்பலகையால் ஒவ்வொரு தரம் அடிக்கும்போதும் மூட்டை நூலளவு நகரும், பாவு தளரும். தளர்ந்த பாவில் நெய்த பாய்க்கு நடுவில் இடுப்பு ஒடுங்கிவிடும், ஓரம் நேராக வராது. அப்படி வந்ததை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். அதனால்தான் பலர் கோரையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பாவனை காட்டிவிட்டுப் போகிறார்கள். இதற்கு வழி இல்லாமல் இல்லை. புல்தரையோ மண்தரையோ இருக்கிற மூலையை அவர்களுக்கு ஒதுக்குங்கள். இல்லையென்றால் உள்ளூர்த் தச்சரிடம் சொல்லிக் கனமான மரச்சட்டத்தில் பத்தடிக்கு ஐந்தடி செவ்வகம் ஒன்று அடித்து வாங்கினால் கழிகளை அதிலேயே கட்டலாம். ஒருமுறை செய்தால் வருஷா வருஷம் பயன்படும். மேடைப் பூ அலங்காரத்துக்குக் கொடுக்கிற காசில் ஒரு மூலைகூட ஆகாது.

குளிர்சாதன அரங்கில் பாய்த்தறி போடுவது இன்னொரு தப்பு. உலர்ந்த கோரை மடக்கென்று ஒடியும். நெய்யும்போது ஈரத்துணியால் அவ்வப்போது நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏசி காற்றிலும், நேர் எதிரே சுழலும் பெரிய மின்விசிறியிலும் நனைத்த ஈரம் நிமிஷத்தில் போய்விடும். ஒரு வாளித் தண்ணீரும் காற்று நேராக அடிக்காத இடமும் கேட்டால் அவர் அடம்பிடிக்கிறார் என்று அர்த்தமில்லை.

கிட்டப்போய்ப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். கோரைக்கு அடி தடிப்பு, நுனி மெலிசு. எல்லாக் கோரையையும் ஒரே பக்கத்திலிருந்து அடி முன்னாக நுழைத்தால் பாயின் ஒரு ஓரம் ஏறிக்கொண்டே போகும், இன்னொரு ஓரம் தாழும். அதனால் ஒன்றுக்கு அடி இந்தப் பக்கம், அடுத்ததற்கு அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிச் செருகுவார்கள். ஒரு நீளக் குச்சிதான் கோரையைப் பாவுக்குள் இழுத்துப்போகும் ஊசி. அச்சுப்பலகையைச் சாய்த்து, நூலைப் பிரித்து, குச்சியை விட்டு, கோரையை இழுத்து, அடித்து, மறுபடி சாய்த்து... பட்டுப்பாயில் இதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தாலும் விரற்கடைக் கணக்கில்தான் வளர்ந்திருக்கும். விலைச்சீட்டைப் பார்த்து “ஒரு பாய்க்கு இவ்வளவா?” என்று கேட்கிறவர்களை அந்த ஒரு மணி நேரம் உட்காரவைக்க ஒரு பெஞ்சு போட்டால் போதும். பேரம் பாதி குறையும்.

சாதாரணப் பாய் ஓரிரு நாளில் முடியும். நூற்றிருபது, நூற்று நாற்பது கவுண்ட்டு என்று நெசவின் நுணுக்கத்தை எண்ணால் சொல்கிற பட்டுப்பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். ஸ்டாலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடச்சொல்லுங்கள். பட்டுப்பாயைத் துணிபோல மடிக்கலாம், சாதாரணப் பாயைச் சுருட்டத்தான் முடியும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கையால் தொட்டு உணர்ந்தவருக்கு விளக்கவுரை தேவைப்படாது. 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்குப் போன பாய் என்று எல்லா அட்டையிலும் எழுதுகிறார்கள். எழுதட்டும். அதற்குக் கீழே ‘இந்தக் கோரை ஓடும் நீரில் ஒரு வாரம் ஊறியது’ என்று ஒரு வரி சேர்த்தால் ராணியைவிட அது அதிகம் பேசும்.

போலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரூர், நாமக்கல், முசிறி பக்கம் காவிரிக்கரைக் கோரையில் விசைத்தறியில் நெய்த பாய் வருகிறது. நல்ல பாய்தான், படுத்தால் உடம்புக்குக் குளிர்ச்சிதான், அதன் பேரில் அதை விற்பதில் தப்பில்லை. அதைப் பத்தமடை என்று பேர் போட்டு விற்கிற வியாபாரிக்கு ஸ்டால் கொடுப்பதுதான் தப்பு. கைவினைஞர் என்று வருகிறவரிடம் மத்திய அரசு கைவினைஞர்களுக்குத் தருகிற பெஹ்சான் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அட்டை இல்லாத நிஜக் கைவினைஞர்களும் உண்டு, அதனால் அதோடு நிறுத்தாமல், “எங்கள் முன்னால் அரை மணி நேரம் வேலை செய்ய முடியுமா?” என்றும் கேட்டுவிடுங்கள். வியாபாரி அந்தக் கேள்வியிலேயே நழுவிவிடுவார்.

மண்பாண்ட ஸ்டாலில் நடக்கிற கூத்து வேறு மாதிரி. குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு நிமிஷம் சக்கரத்தில் கைவைக்கவிட்டு, வந்த ஈரச்சட்டியை அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். வீடு போகும்முன் அது மறுபடி மண்ணுருண்டை ஆகியிருக்கும். தப்பித்தாலும் வெயிலில் வைத்தால் விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும், அடி ஈரமாகவே இருக்கும், குறுக்கே வெடிப்பு விழும். நிழலில் பல நாள் காய வேண்டிய பொருள் அது. சரியாகக் காயாததைச் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சட்டியையே வெடிக்கவைக்கும். இதற்கு என் யோசனை: குழந்தை செய்ததன் அடியில் ஈர்க்குச்சியால் பேரைக் கீறி, குயவர் எடுத்துப்போய்க் காயவைத்துச் சுட்டு, மாதம் கழித்து வளாகத்துக்கு அனுப்பட்டும். அந்தச் சுடுகூலியையும் வண்டிவாடகையையும் நுழைவுச்சீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். இதில் குழந்தைக்கு ‘மண்பாண்டம் உடனே கிடைக்காது’ என்ற விஷயமும் சேர்த்துக் கிடைக்கும்.

சுவாமிமலை ஸ்தபதிகளைக் கூப்பிட்டு “சிலை வார்த்துக் காட்டுங்கள்” என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆயிரம் டிகிரியைத் தாண்டிய உலோகத்தை, நூறு குழந்தைகள் சுற்றி நிற்கும் இடத்தில்! அச்சுமண்ணில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தாலே உலோகம் பீறிட்டுத் தெறிக்கும். வார்ப்பு பட்டறையில்தான் நடக்க வேண்டும். திருவிழாவுக்கு, வார்ப்புக்கு முன் சிலையை மெழுகில் செய்கிற வேலை போதும், அதுவே கண்கொள்ளாக் காட்சி. தேன்மெழுகு, குங்கிலியம் என்கிற மரப்பிசின், கடலை எண்ணெய் மூன்றும் சேர்ந்த கலவை அந்த மெழுகு. குங்கிலியம் கூடினால் கெட்டிப்படும், எண்ணெய் கூடினால் இளகும். கையையும் காலையும் உடம்போடு ஒட்ட, கத்தியைச் சூடாக்கி இணைப்பில் இழுப்பார்கள். அதற்கு ஒரு சின்னக் கரியடுப்பு வேண்டும், அங்கே போய் ‘தீயணைப்பு விதி’ என்று அடுப்பைத் தூக்கிவிட்டால் அவர் பொம்மையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அனுமதியை முன்னாலேயே வாங்கிவையுங்கள். மத்தியான வெயில் நேராக விழும் ஸ்டாலையும் கொடுக்காதீர்கள், மெழுகு தொய்ந்துவிடும். ஓலையை மடித்து அளவு எடுக்கிற முறையையும் காட்டச்சொல்லுங்கள். அதற்கு ஓர் ஓலைக்கீற்றைத் தவிர எதுவும் தேவையில்லை, கூட்டம் அசையாது.

நீலகிரி தோடர் பெண்களின் பூத்தையல் மட்டும் இந்தத் தொல்லை எதுவும் இல்லாதது. மடியில் துணி, கையில் ஊசி, சிவப்பும் கறுப்புமாக நூல். சட்டம்கூடக் கிடையாது, இழையை எண்ணி எண்ணியே தைப்பார்கள். வேண்டியது வெளிச்சம் ஒன்றுதான். ஆனால் நம்மவர்கள் அங்கே கொண்டுபோய்ச் சீரியல் பல்பும் மஞ்சள் ஃபோகஸும் போடுவார்கள். மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளைத்துணி பழுப்பாகத் தெரியும், பாயின் பச்சையும் நீலமும் ஒன்றுபோலத் தெரியும். வாங்கிக்கொண்டு வீடு போனவர் “நிறம் வேற” என்று திட்டுவார், திட்டு கைவினைஞருக்கு. ஸ்டாலுக்கு ஒரு வெள்ளை எல்.இ.டி. விளக்கு, வேலை செய்கிறவரின் தோளுக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில்.

இனி காசு. 1994இல் தொடங்கிய, தில்லியின் கைவினைச் சந்தையான தில்லி ஹாட்டில் ஸ்டால்கள் கைவினைஞர்களுக்குச் சுழற்சி முறையில் போகின்றன. ஹரியானாவில் 1987 முதல் நடக்கும் சூரஜ்குண்ட் கைவினை மேளா இரண்டு வாரத்துக்கு மேல் ஓடுகிறது. அங்கே ஒரு குடும்பம் செலவழித்த பயணக்காசை எடுக்க நாள் இருக்கிறது. நம்முடைய இரண்டு நாள் விழாவில் விற்பனையை நம்பி வரச்சொல்வது அநியாயம். செயல்விளக்கம் வேலை. அதற்கு நாள்கூலி தனி, விற்பனை தனி. பாய் என்றால் இரண்டு பேருக்குக் கூலி, ஏனென்றால் நெய்கிறவர் எழுந்து வந்து பில் போட முடியாது. ஸ்டால் வாடகை வாங்கவே வாங்காதீர்கள், அவர் உங்கள் விழாவுக்குக் கூட்டம் சேர்க்கிறார்.

பட்டுப்பாய் அங்கேயே எடுத்துப்போகிற பொருளாக விற்பது குறைவு. கல்யாணப் பாயில் மணமக்கள் பேரையே நெய்து தருவார்கள், அதற்கு ஆர்டர்தான் வழி. எனவே ஒரு நோட்டும் பேனாவும் வைத்து, பேரைத் தமிழில் எப்படி எழுத வேண்டும், கல்யாணத் தேதி, அளவு, நிறம், முன்பணம் என்று அங்கேயே எழுதிவாங்கினால் திருவிழா முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தறி ஓடும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் போன் போட்டுப் ‘பேர் போட்ட பாய் வேணும்’ என்றால் நடக்காது. இரண்டு மாதமாவது முன்னால் சொல்ல வேண்டும்.

கடைசி நாள் ராத்திரி எல்லாரும் மேடை நிகழ்ச்சிக்குப் போய்விடுவார்கள். அப்போதுதான் ஸ்டாலில் பாவு நூலை அவிழ்க்கிற வேலை. பாதி நெய்த பாயைக் கழியோடு சுருட்டி, பிளாஸ்டிக் சுற்றி, பஸ் மேலே ஏற்ற வேண்டும். மழை இருந்தால் அதுவும் கறுக்கும். வண்டி ஒன்று பத்து மணிவரை நிற்கச்சொல்லுங்கள், கழியைப் பிடிக்க ஒரு ஆளும்.