கெட்டிக்காரப் பயலுக்கு வாத்தியார் எதுக்கு?

“அவன் கெட்டிக்காரப் பய, தானா படிச்சுக்கிடுவான்.” பாளையங்கோட்டையிலிருந்து களக்காடு வரை ஆசிரியர் அறைகளில் புழங்குகிற பேச்சு இது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

45 நிமிடப் பீரியடில் கணக்கை 10 நிமிடத்தில் முடிக்கிற பிள்ளையை அப்புறம் என்ன செய்கிறோம்? மற்றவர் நோட்டைத் திருத்தச் சொல்கிறோம். சாக்பீஸ் எடுத்துவர அனுப்புகிறோம். இல்லாவிட்டால் அதே மாதிரி இன்னும் 20 கணக்கு. சீக்கிரம் முடித்தால் வேலைதான் கூடும் என்று தெரிந்ததும் அது மெதுவாகப் போடப் பழகிவிடும். பிறகு வீட்டுப்பாடம் நிற்கும். ‘திமிர்’ என்று பெயரும் வந்துவிடும்.

பயிற்சியில் கடினமான 5 கணக்கை முதலில் கொடுங்கள். 4 சரியாக, வழிமுறையோடு வந்தால் மீதியை விட்டுவிடலாம். வராவிட்டால் எல்லாரோடும் உட்காரட்டும். வழிமுறையைக் கட்டாயம் கேளுங்கள். மனக்கணக்காகப் போட்டுவிட்டுப் பொதுத்தேர்வில் மார்க்கைத் தொலைக்கிறவர்கள் இவர்கள்தான்.

மிச்ச நேரத்துக்குத் தினசரிப் பேப்பரில் வருகிற அணை நிலவரம் போதும். பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118. வரத்து விநாடிக்கு 1,000 கன அடி, வெளியேற்றம் 400 என்றால் ஒரு நாளில் சேர்வது 600 × 86,400, அதாவது 5,18,40,000 கன அடி. இது சும்மா பெருக்கல். இதே தண்ணீர், மட்டம் 60 அடியில் இருக்கும்போது எத்தனை அடி ஏற்றும், 130 அடியில் எத்தனை? மேலே போகப்போக ஏற்றம் ஏன் குறைகிறது? இந்தக் கேள்வி ஒரு வாரம் ஓடும்.

ஓடும்போது வாத்தியாருக்கே தெரியாத இடம் ஒன்று வரும். அங்கேதான் குணம் வேண்டும். “பெரிய மேதாவியாலே நீ? உக்காரு” என்றால் வகுப்பு சிரிக்கும், அந்தப் பிள்ளை அப்புறம் கை தூக்காது. “எனக்கும் தெரியலடே, நாளைக்குப் பாத்துட்டு வாரேன்” என்று சொல்லி, மறக்காமல் பார்த்துவிட்டும் வந்தால் போதும். பட்டம் எத்தனை வாங்கியிருந்தாலும் இதைச் சொல்ல நாக்கு வராதவரிடம் அந்தப் பிள்ளை தங்காது.

கேள்வி கேட்டுவிட்டு 3 விநாடி காத்திருங்கள். நாம் பெரும்பாலும் ஒரு விநாடிகூட விடுவதில்லை என்று 1970களிலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அளந்து காட்டினார். முந்திக் கத்துகிறவன் மட்டும்தான் புத்திசாலி என்ற மயக்கம் இந்த அவசரத்தில் வருவது.

முக்கூடல் பக்கம் அம்மாவுக்குப் பீடி இலை வெட்டிக் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளை ரேங்க் பட்டியலில் பின்னால்தான் இருக்கும். எட்டாம் வகுப்பில் எழுதுகிற தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை. அதற்கு முதல் ஐந்து ரேங்கை மட்டும் கூப்பிட்டுப் பயிற்சி கொடுக்காதீர்கள். ஏழாம் வகுப்பு முடியும்போது அந்தத் தேர்வின் பழைய மனத்திறன் தாள் ஒன்றை எல்லாருக்கும் கொடுத்து, பெயரை மறைத்துத் திருத்துங்கள். அந்த மார்க்கையும் பார்த்துவிட்டு ஆளைத் தேர்ந்தெடுங்கள்.