ஸ்பீக்கருக்கு எண்ணெய்க் குளியல் வேண்டாம்

"பழைய ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், புதிதுபோலப் பாடும், தூசியை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடுங்கள்" என்றொரு யோசனை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1970, 80களில் வந்த பல ஸ்பீக்கர்களில் அந்த வளையம் பாலியூரித்தேன் ஃபோமால் ஆனது. காற்றிலுள்ள ஈரமும் ஆக்சிஜனும், கூடவே வெயிலும், அதன் வேதிப் பிணைப்புகளை ஆண்டுக்கணக்கில் அறுக்கின்றன. தொட்டால் பொடியாக உதிர்வது அதனால்தான். எண்ணெய்ப்பசை வற்றியதால் அல்ல. அறுந்த பிணைப்பை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. மாறாக, காகிதக் கூம்பில் ஊறி அதன் எடையைக் கூட்டும், ஒலியும் மாறும். போதாக்குறைக்குத் தூசி வேறு அப்பிக்கொள்ளும். ஃபோம் உதிர்ந்துவிட்டதா? வளையத்தை மட்டும் மாற்றித் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். முழு ஸ்பீக்கரையும் தூக்கிப்போட வேண்டாம். ரப்பர் வளையம் என்றால் சும்மா விடுவதே நல்லது.

சரி, தூசி? கீச்சென்ற உயர் ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டரின் குமிழ் மிக மெல்லியது. வேக்குவம் இழுத்தால் உருக்குலையும். உலோகக் குமிழில் விரல் பட்டாலே பள்ளம் விழலாம். பட்டுத்துணிக் குமிழ்கள் பலவற்றில் பிசுபிசுப்பான பூச்சு உண்டு. அதைத் துடைத்து எடுத்துவிடாதீர்கள்.

மின்சாரத்தை அணைத்து, முன்துணிச் சட்டம் கழன்று வருவதாக இருந்தால் கழற்றுங்கள். கூம்பை மென்மையான பெயின்ட் பிரஷால் லேசாகத் தட்டிவிட்டால் போதும். வேக்குவம் பிடித்தே ஆகவேண்டுமென்றால், கழற்றி வைத்த சட்டத்தில் பிடியுங்கள்.