கஞ்சாவும் கண் அழுத்தமும்: மணிக்கணக்கைப் பாருங்கள்

"கஞ்சா கண்ணுக்கு நல்லது, கிளாக்கோமாவே குணமாகும்" என்று சுற்றும் பதிவுகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. கிளாக்கோமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு நலிந்துபோகும் நோய். முழுப் பொய்யாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து.

உண்மையான பாதி இது: கஞ்சா புகைத்தவர்களுக்குக் கண் அழுத்தம் 25 முதல் 30 சதவீதம் வரை இறங்குவதாக 1971-இல் ஹெப்லர், ஃபிராங்க் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். அப்போது கைவசம் இருந்த சொட்டு மருந்துகள் குறைவு. கண் அழுத்தத்தை இறக்கும் டிமோலால் சொட்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1978-இல்தான். அதனால் அன்று அந்த நம்பிக்கைக்கு நியாயம் இருந்தது.

ஆனால் இறங்கிய அழுத்தம் 3, 4 மணி நேரத்தில் மறுபடி ஏறிவிடும். கிளாக்கோமாவுக்கோ 24 மணி நேரமும் கட்டுப்பாடு வேண்டும். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 6 முதல் 8 முறை, நடு ராத்திரியிலும் எழுந்து புகைக்க வேண்டும். அந்த நிலையில் ஒருவர் வண்டி ஓட்டுவது எப்படி, வேலை பார்ப்பது எப்படி? அதே 25, 30 சதவீதத்தை லாட்டனோப்ரோஸ்ட் என்ற சொட்டு மருந்து இரவில் ஒரே ஒரு சொட்டில் தருகிறது. இன்னொன்று: கஞ்சா உடலின் ரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடும். ஏற்கெனவே நலிந்த பார்வை நரம்புக்குப் போகும் ரத்தம் அதனால் குறைய வாய்ப்புண்டு. செத்த நரம்பிழை திரும்ப முளைக்காது.

"அப்போ போதை தராத சிபிடி எண்ணெய்?" என்று கேட்பவர்கள் உண்டு. சிபிடி கஞ்சாச் செடியிலுள்ள இன்னொரு பொருள். 2018-இல் எலிகளிடம் நடந்த ஆய்வில் சிபிடி கண் அழுத்தத்தை ஏற்றியது. மனிதர்களுக்கும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் கிளாக்கோமா உள்ளவர் அதை விட்டு விலகியிருப்பதே சரி.

கண் சிவப்பது புகையால் மட்டும் என்று நினைக்கிறார்கள். தின்றாலும் சிவக்கும். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி வெள்ளை விழியின் மேலுள்ள நுண்குழாய்களை விரியச் செய்கிறது, ரத்தம் நிரம்புகிறது, அவ்வளவுதான். சில மணி நேரத்தில் தானே அடங்கிவிடும். அதை மறைக்கக் கடையில் வாங்கும் 'சிவப்பு நீக்கி' சொட்டுதான் வம்பு. அது குழாய்களைச் சுருக்கும். நாள்கணக்கில் விட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் கண் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். உடனே இன்னொரு சொட்டு, பிறகு இன்னொன்று என்று போகும். கண் உலர்ந்து உறுத்தினால் கெடாமல் காக்கும் ரசாயனம் சேர்க்காத செயற்கைக் கண்ணீர் போதும்.

சிவப்பைவிடக் கவலை தருவது இரவுப் பார்வை. எதிரே வரும் வண்டி விளக்கின் கூச்சத்திலிருந்து கண் மீளத் தாமதமாகும். மங்கல் வெளிச்சத்தில் சாம்பல் நிறச் சட்டை போட்டு நடப்பவர் பின்னணியோடு கரைந்துவிடுவார். போதை இறங்கிவிட்டதாகத் தோன்றுவதை நம்பி வண்டிச் சாவியை எடுக்காதீர்கள்.

கிளாக்கோமா சொட்டு விடுபவர்களுக்கு: கீழிமையை இழுத்து ஒரு சொட்டு மட்டும் விடுங்கள். கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண்முனையை 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இல்லையென்றால் மருந்து மூக்கு வழியாக உடம்புக்குள் போய்விடும். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி விடுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்முன் கஞ்சா எடுத்திருந்தால் எத்தனை மணிக்கு என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கருவி காட்டும் 16 மி.மீ. பாதரசம் என்ற இயல்பான அழுத்தத்தை நம்பி அவர் உங்கள் மருந்தை மாற்றாமல் விடுவார். வீட்டுக்கு வந்த சில மணி நேரத்தில் அதே கண்ணில் அழுத்தம் 22-ஐத் தாண்டியிருக்கலாம்.