பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

மாடித்தோட்டக் குழுக்களில் வாரம் தவறாமல் இப்படி ஒரு படம் வந்துவிடுகிறது. மார்பளவு வளர்ந்த தக்காளிச் செடி, கொழுத்த தண்டு, கரும்பச்சை இலை. கூடவே ஒரு கேள்வி: "செடி சூப்பரா வந்திருக்கு, பூ மட்டும் கொட்டுது. என்ன உரம் போடலாம்?" கீழே பதில்கள் குவியும். ஒருவர் மீன் அமிலம் என்பார், இன்னொருவர் கடலைப் புண்ணாக்குக் கரைசல் என்பார், அடுத்தவர் ஒரு கைப்பிடி யூரியாவே போடச் சொல்வார். "கொஞ்ச நாளைக்கு எதையும் போடாதீங்க" என்று சொல்லத்தான் ஆளிருக்காது.

அந்தச் செடிக்குக் குறை எதுவும் இல்லை. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கிற வரை செடி இலையும் கிளையும் விட்டுக்கொண்டே இருக்கும். இலையில் தயாராகும் மாவுச்சத்தெல்லாம் புதுத் துளிருக்கே போய்விடும், பூவுக்கு மிஞ்சாது. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். நுனி இலைகள் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். ஒவ்வொரு கணுவிலும் பக்கக்கிளை பிதுங்கிக்கொண்டு வரும். சில செடிகளில் பூங்கொத்தின் நுனியிலிருந்தே இலை கிளம்பியிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம். பூ, காம்பில் இருக்கும் சின்ன முட்டியோடு கழன்று விழும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் பூ கொட்டினால் பழியை உரத்தின் மேல் மட்டும் போட முடியாது. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் தக்காளியின் மகரந்தம் வீணாகிவிடும். அப்போது எந்தக் கரைசலும் வேலை செய்யாது.

காய் பிடித்தாலும் தொல்லை தீராது. காயின் அடிப்பகுதி கறுத்துக் குழியும் கோளாறு கால்சியம் போய்ச் சேராததால் வருவது. அமோனியம் வடிவத் தழைச்சத்து மிஞ்சினால் வேர் கால்சியத்தை எடுப்பது குறையும். எடுத்த கொஞ்சமும் வேகமாக வளரும் இலைக்கே போகும். அப்புறம் வெள்ளை ஈயும் அசுவினியும். மெல்லிய இலை, சத்தான சாறு என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். வெள்ளை ஈ வந்தால் பின்னாலேயே இலைச்சுருட்டு வைரஸ் வரும். உரத்துக்குக் கொடுத்த காசைவிட மருந்துக்கு அதிகம் கொடுப்போம்.

"நான் இயற்கை உரம்தான் போடுறேன்" என்பவர்களோடுதான் எனக்குப் பெரிய வழக்கு. கடலைப் புண்ணாக்கில் சுமார் 7 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. மட்காத கோழி எருவும் காரமான சரக்குதான். ஒரு தொட்டி மண்ணில் வாராவாரம் இவற்றைக் கொட்டினால் யூரியா போட்ட அதே கதைதான் நடக்கும். வேருக்கு நைட்ரேட் மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று தெரியாது.

வயலுக்கு வருவோம். அங்கே இந்தப் பச்சை மோகத்துக்கு விலையும் ஒரு காரணம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் சொச்சம். தழைச்சத்தோடு பாஸ்பரஸும் உள்ள டிஏபி உரம் 50 கிலோ 1350 ரூபாய். 2010-ல் உரத்தில் உள்ள சத்தின் அளவைப் பார்த்து மானியம் தரும் திட்டம் வந்தபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே நிறுத்தி, அதன் விலையை அரசின் கட்டுப்பாட்டிலேயே வைத்துவிட்டார்கள். மலிவான மூட்டையில் ஒன்றைக் கூடுதலாக இறக்குவதற்கு விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். போட்ட நாலைந்து நாளில் பயிர் கரும்பச்சையாகக் கறுத்து நிற்கும். பக்கத்து வயல்காரர் நின்று பார்த்துவிட்டுப் போவார். சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், செய்கிற வேலை அப்படிக் கண்ணில் படாதே!

நெல்லில் இந்தக் கறுப்புக்குத்தான் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி முதலில் வரும். இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் அதே வயலைத்தான் தேடும். தாள் நீண்டு மெலிந்துபோவதால் ஒரு மழைக் காற்றுக்கே பயிர் சாய்ந்துவிடும். சாய்ந்த வயலில் அறுவடை வண்டி ஊர்ந்துதான் போகும், வாடகையோ மணிக்கணக்கில். மூட்டையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். கரும்பில் எடை வந்தாலும் சர்க்கரைச் சத்து இறங்கும். நிலக்கடலையில் இன்னும் வேடிக்கை. தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதியை வேர் முடிச்சு வழியாகத் தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் பயிர் அது. யூரியாவை மேலே மேலே போட்டால் முடிச்சு கட்டுவதையே குறைத்துக்கொள்ளும்.

பயிர் எடுக்காதது எங்கே போகும்? கொஞ்சம் அமோனியாவாக ஆவியாகும், கொஞ்சம் நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்தான் இந்தியத் தரம் அனுமதிக்கும் எல்லை. அதைத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைத்தால் அதன் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையக்கூடும்.

சரி, தொட்டித் தக்காளிக்கு என்ன செய்வது? தழைச்சத்து உள்ள எதையும் இரண்டு மூன்று வாரத்துக்கு நிறுத்துங்கள். ஒரு தடவை தொட்டியின் அடியில் வடியும் வரை தண்ணீர் விட்டுவிட்டு, பிறகு அளவோடு ஊற்றுங்கள். பக்கக்கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். சாம்பல் சத்துக்குக் கொஞ்சம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கொடுக்கலாம். அடி இலை மஞ்சளானதும் யூரியாவைத் தேடாதீர்கள். வேரில் தண்ணீர் தேங்கினாலும், மெக்னீசியம் குறைந்தாலும், இலைக்கு வயதானாலும்கூட மஞ்சளாகும்.

நெல்காரர்களுக்கு இலை வண்ண அட்டை இருக்கிறது; வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் அதில் இருக்கும். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், முழுதாக விரிந்த இளம் இலையை உங்கள் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு நிறம் 3-க்குக் கீழே, மற்ற ரகங்களுக்கு 4-க்குக் கீழே இறங்கினால் மட்டும் மேலுரம் போடலாம். கையகல பிளாஸ்டிக் அட்டைதான். உரம் வாங்கும் கடையிலேயே மூட்டையோடு அதையும் கொடுத்தால் என்ன? நான் கேட்டுப் பார்த்த கடையில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார்கள்.