பழைய ஆல்ஃபா வாங்கப் போகிறீர்களா? எஞ்சினை அப்புறம் பாருங்கள்

இத்தாலிய கார் என்றாலே "வழியில நின்னுடும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஆல்ஃபா ரோமியோவின் 105 வரிசையைப் பொறுத்தவரை (1962இல் வந்த ஜூலியா, பின்னால் வந்த ஜிடிவி, ஸ்பைடர் எல்லாம் இதில் அடக்கம்) அந்தப் பழியில் பாதி அபாண்டம். அலுமினிய ட்வின் கேம் எஞ்சின் (வால்வுகளைத் திறக்க மேலே இரண்டு கேம்ஷாஃப்ட்), டைமிங்குக்குப் பெல்ட்டுக்குப் பதில் இரட்டைச் செயின், ஐந்து கியர். ஆரம்பகால வண்டிகள் சிலவற்றை விட்டுவிட்டால் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் இந்த எஞ்சின் சலிக்காமல் ஓடும். உரிமையாளரின் பர்ஸைக் காலி செய்வது துருவும், காய்ந்துபோன ரப்பரும், வண்டியை மாதக்கணக்கில் சும்மா நிறுத்தி வைப்பதும்தான்.

துருவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் செலவில் பெரியது அதுதான். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. வெளித்தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே நடுத்தகடு உதிர்ந்து போயிருக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்தால் பட்டி எங்கே பூசியிருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். அதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, ஜாக்கி போடும் இடத்தில் ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். இப்போது மறுபடி கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி மாறினாலோ கதவு உரசினாலோ பாடியின் பலம் போய்விட்டது என்று அர்த்தம். மேல்கூரை இல்லாத ஸ்பைடரில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். தளத்தகடு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம் மூன்றையும் கீழே படுத்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். சில் மாற்றும்போது கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டு செய்த பிறகே பழைய தகட்டை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாடி வளைந்து, அப்புறம் எந்தக் கதவும் ஒழுங்காகப் பொருந்தாது. எஞ்சின் பிரித்துக் கட்டும் செலவுக்கு ஒரு முடிவு உண்டு. டிங்கரிங் செலவு, பெயிண்டைச் சுரண்டச் சுரண்ட வளரும்.

எஞ்சினில் எல்லோரும் பயப்படுவது, பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்கு. இதில் ஒரு விசேஷம். பிளாக்கிலிருந்து ஹெட்டுக்குப் போகும் ஆயில் பாதைகளைச் சுற்றிச் சிறு ரப்பர் வளையங்கள் உண்டு. வயதாகி அவை கெட்டிப்பட்டால், ஓடும்போது ஆயில் அழுத்தம் தண்ணீர் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால் ஆயில் கூலண்ட்டுக்குள் போகும். கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் சரியாக இருக்கும், ரேடியேட்டரில் மட்டும் பால்போலக் கலங்கிய ஆயில் மிதக்கும். உடனே "ஹெட் வெடிச்சிருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் வளையம்தான். ஆனால் ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டும். கழற்றிய பிறகு லைனர்களை (பிஸ்டன் ஓடும் குழாய்களை) மேலிருந்து அழுத்திப் பிடிக்க ஏற்பாடு செய்யாமல் கிராங்கைச் சுற்றக் கூடாது. இவை தண்ணீரில் நிற்கும் தனி லைனர்கள். கொஞ்சம் மேலே எழும்பினாலும் அடியிலுள்ள சீல் கெட்டு, தண்ணீர் ஆயில் சம்புக்கு இறங்கும். கேஸ்கெட் மாற்றப்போய் எஞ்சினையே பிரிக்க வேண்டிய கதை இப்படித்தான் நடக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குள் சோடியம் அடைத்திருக்கும் என்பதையும் லேத்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதை வெட்டினால் ஆபத்து.

டேப்பெட் கேப்பை (கேமுக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளியை) சரிசெய்வதில் ஃபியட் ட்வின் கேமுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். ஃபியட்டில் அந்த இடைவெளியைத் தீர்மானிக்கும் சிறு தகடான ஷிம் மேலே உட்கார்ந்திருக்கும், அதற்கான டூல் இருந்தால் கேம்ஷாஃப்ட்டைத் தொடாமலே மாற்றலாம். ஆல்ஃபாவில் ஷிம், வால்வின் மேல் கவிழ்ந்திருக்கும் பக்கெட்டுக்கு அடியில். எட்டு வால்வின் இடைவெளியையும் அளந்து எழுதிக்கொண்டு, கேம்ஷாஃப்ட்டை எடுத்து, ஷிம் தடிமனைக் கணக்குப் போட்டு மாற்றி, மறுபடி அளக்க வேண்டும். உதிரிபாகச் செலவு அற்பம், கூலிதான் கூடும். நல்லவேளையாக ஒருமுறை ஒழுங்காக வைத்தால் ரொம்ப நாள் மாறாது.

கார்புரேட்டர் விஷயத்தில் அநியாயத்துக்குத் திட்டு வாங்குவது வெபர் 40 டிசிஓஇ. ஐடிலில் தடுமாறினால் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையை) மாற்றப் போகாதீர்கள். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மவுண்ட்டைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அதைச் சுற்றிக் கார்ப் கிளீனர் தெளித்தால் ஐடில் மாறுகிறதா? அப்படியானால் விரிசல் வழியாகக் காற்று இழுக்கிறது. கீழே தாங்கும் ஸ்டே கம்பியை யாரோ கழற்றித் தூக்கிப் போட்டிருந்தால் புது மவுண்ட்டும் சீக்கிரமே கிழியும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. அதைச் சரிசெய்த பிறகே கார்புரேட்டர் திருகில் கை வைக்கலாம்.

கியர்பாக்ஸின் நோய் இரண்டாவது கியர். குளிர்ந்த நிலையில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது நறநறக்கும். கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையத்துக்கு உராய்வு வேண்டும். கனமாக இருக்கட்டும் என்று ஜிஎல்-5 (இது கியர் ஆயிலின் தரக் குறியீடு) ஆயில் ஊற்றினால் வழுக்கி நிலைமை மோசமாகும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, பின் அச்சு டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. இதை மாற்றி ஊற்றுகிறவர்கள் ஏராளம். எப்படியும் கியர்பாக்ஸை இறக்கினால் கிளட்ச், கிராங்கின் பின் சீல், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சென்டர் பேரிங், முன்னாலிருக்கும் ரப்பர் கப்ளிங் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், ஒரே கூலியில் முடியும். புது கப்ளிங்கைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை இறுக்கியிருக்கும். போல்ட் எல்லாம் மாட்டி முடிக்கும்வரை அதை வெட்டக் கூடாது, வெட்டினால் ரப்பர் விரிந்து துளைகள் சேராது.

பிரேக்கில் ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது என்றால் காலிப்பரை மாற்றுவதற்கு முன் காற்றை வெளியேற்றும் பிளீட் நிப்பிளைத் திறந்து பாருங்கள். அழுத்தம் பீய்ச்சி வெளியேறி சக்கரம் விடுபட்டால், பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கும். காலிப்பரோடு ஒப்பிட்டால் ஹோஸ் விலை ஒன்றுமே இல்லை. எலக்ட்ரிகலில் பாதித் தொல்லை பீங்கான் ஃபியூஸ்களின் முனையிலும் எர்த் வயரிலும். துடைத்தாலே தீரும்.

செலவு என்று பார்த்தால், வாங்கும் விலையில் நாலில் ஒரு பங்கை முதல் வருடத்துக்கென்று தனியாக எடுத்து வைக்கச் சொல்வேன். டயர் (1750, 2000 மாடல்களுக்கு 165-14), ஹோஸ்கள், புஷ்கள், திரவங்கள் எல்லாம் கிலோமீட்டரைப் பார்க்காமல் வயதைப் பார்த்து மாற்ற வேண்டியவை. இந்த 105க்கு உதிரிபாகம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, அதனால்தான் முதல் பழைய இத்தாலிய காராக இதைச் சொல்கிறேன். அதே காலத்து லான்சியா ஃபுல்வியாவிலோ ஆல்ஃபா மோன்ட்ரியாலிலோ ஒரு லைட் கண்ணாடிக்கே அலைய வேண்டியிருக்கும். ஃபெராரி டெஸ்டரோசா பக்கம் போனால் டைமிங் பெல்ட் மாற்றவே எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். காப்பீட்டில் சந்தை மதிப்பு பாலிசி வேண்டாம், மதிப்பை முன்பே ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசி எடுங்கள்.

நிறுத்தி வைக்கும் விஷயம் பாக்கி. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது உபகாரம் இல்லை, உபத்திரவம். ஆயில் சூடாகாமல் உள்ளே ஈரம்தான் தேங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள், ஆயில் சூடேறும்வரை 3000 ஆர்பிஎம் தாண்டாதீர்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகிறதென்றால் ஆயிலை மாற்றிவிட்டு நிறுத்துங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், ஹேண்ட் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். திரும்ப எடுக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டு, அப்புறம் பிளக்கை மாட்டுங்கள்.