வசூல் கணக்கு விமர்சனம் ஆகாது

தமிழ்த் திரைப்படங்களைப் பற்றி நாம் நடத்தும் விவாதங்களில் பெரும்பாலானவை இப்போது ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன: படம் எத்தனை கோடி வசூலித்தது? ஒரு காட்சி தமக்கு ஏன் பிடிக்கவில்லை என்று ஒருவர் நிதானமாக எழுதினால், அவருக்குப் பதிலாக முதல் நாள் வசூல் பட்டியல் ஒன்று வந்து விழுகிறது. ஓடாத படம் ஒன்றின் பின்னணி இசையை இன்னொருவர் பாராட்டினால், அது எத்தனை நாளில் திரையரங்கை விட்டுத் தூக்கப்பட்டது என்று கேட்டு அவர் வாயை அடைக்கிறார்கள். இப்படிப் பேசுவதை விவாதம் என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. முதல் மூன்று நாள் வசூல் என்பது, படத்தைப் பார்ப்பதற்கு முன்பே மக்கள் எடுத்துவிட்ட முடிவின் தொகை. படத்தைப் பற்றிய கருத்து அதற்குப் பிறகுதான் பிறக்கிறது.

எப்படி என்று சற்று விளக்கமாகச் சொல்கிறேன். வெளியாவதற்குச் சில நாள்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடுகிறது. நடிகரின் முந்தைய படம், இயக்குநரின் பெயர், முன்னோட்டம், பண்டிகை விடுமுறை, எத்தனை திரைகளில் வெளியாகிறது என்பன போன்றவற்றை வைத்துத்தான் நாம் சீட்டு வாங்குகிறோம். திரைக்கதையோ, நடிப்போ, படத்தொகுப்போ அந்த முடிவில் பங்கு பெற வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அவற்றை அப்போது யாரும் பார்த்திருக்கவில்லை. ஆகவே முதல் வார இறுதியின் வசூல், ஒரு நடிகர் மீது மக்களுக்கு எவ்வளவு எதிர்பார்ப்பு இருந்தது என்பதை நம்பகமாகக் காட்டக்கூடும். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

ரசிகர்களுக்கு எண்களின் மீது ஆசை புதிதல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 1944இல் வெளியான ஹரிதாஸ் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்று நம் தாத்தாமார்கள் பெருமையோடு சொல்லியிருக்கிறார்கள். நூறாவது நாள் சுவரொட்டியும், 25 வாரம் ஓடினால் வெள்ளி விழாவும் நம் ஊர்த் தெருக்களின் கொண்டாட்டமாகவே இருந்தன. 2005இல் வந்த சந்திரமுகி சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாள்களைக் கடந்து ஓடியது. அந்தக் கணக்கிலும் குறைகள் இருந்தன, ஒரு நாளைக்கு ஒரே ஒரு காட்சியாக ஓட்டி நாள்களை நீட்டிய வழக்கமும் உண்டு. ஆனாலும் நாள் கணக்குக்கு ஒரு பொருள் இருந்தது. பார்த்தவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லி, அதைக் கேட்டு அடுத்தவர் வந்து, முதலில் பார்த்தவரே மறுபடியும் வந்தால்தான் ஒரு படம் ஐம்பது நாளைத் தாண்ட முடியும். மக்களின் கருத்து அந்த எண்ணுக்குள் இருந்தது. இன்றைய முதல் நாள் எண்ணில் அது இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு திரையரங்கின் வசூலையும் திரட்டிப் பொதுமக்கள் முன் வைக்கும் அதிகாரப்பூர்வமான ஏற்பாடு எதுவும் இல்லை. நாம் பகிரும் பட்டியல்கள் தயாரிப்புத் தரப்பின் அறிவிப்புகளாகவோ, வணிகக் கணிப்பாளர்களின் மதிப்பீடுகளாகவோதான் இருக்கின்றன. மொத்த வசூலும், வரி போக நிற்கும் தொகையும், விநியோகஸ்தர் கைக்கு வரும் ஷேரும் வெவ்வேறு என்பதைக்கூடக் கவனிக்காமல், ஒரு படத்தின் மொத்த வசூலை இன்னொரு படத்தின் ஷேரோடு ஒப்பிட்டு இரவு முழுவதும் சண்டை போடுகிறோம். செங்கல்பட்டு ஏரியாவின் விநியோக உரிமையை அதிக விலைக்கு மினிமம் கியாரண்டியில், அதாவது நட்டம் வந்தாலும் தாமே ஏற்கும் முறையில், வாங்கிய விநியோகஸ்தர், பட்டியலில் பெரிய எண் நிற்கும்போதே நட்டப்பட்டிருக்கலாம். குறைந்த செலவில் எடுக்கப்பட்ட சிறிய படம், எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமலே தன் முதலீட்டை மீட்டிருக்கலாம். இந்தத் தொழிலில் பணம் போட்டவர்களுக்கும் அதை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் இக்கணக்கு இன்றியமையாதது, அவர்கள் அதைப் பேசத்தான் வேண்டும். பார்வையாளராகிய நமக்கோ, நாம் பார்த்ததைப் பேசும் உரிமை கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு அவர்களுடைய கணக்கேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டிய தேவை என்ன என்பதே என் கேள்வி.

இதனால் நாம் இழப்பது என்ன என்பதற்கு 1991ஆம் ஆண்டுத் தீபாவளியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் தளபதியும் குணாவும் ஒன்றாக வெளியாயின. மணிரத்னம் இயக்கத்தில் ரஜினிகாந்தும் மம்மூட்டியும் நடித்த முதல் படம் பெற்ற வெற்றியை, சந்தானபாரதி இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த இரண்டாவது படம் பெறவில்லை. அந்தத் தீபாவளியில் யார் வென்றார் என்ற வாக்குவாதம் இன்றும் இரு தரப்பு ரசிகர்களிடையே அதே சூட்டோடு நடக்கிறது. ஆனால் அந்த இரண்டு படங்களுக்கும் இசை இளையராஜா, பாடல்கள் வாலி. தளபதியில் 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி' பாடலை எஸ். பி. பாலசுப்பிரமணியத்தோடு பாடிய எஸ். ஜானகியே, குணாவில் 'கண்மணி அன்போடு' பாடலைக் கமல்ஹாசனோடு பாடினார்.

இந்த இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலாவது போருக்குப் போகும் வீரனையும் காத்திருக்கும் பெண்ணையும் வைத்துப் பெரும் வாத்தியக் கூட்டத்தோடு எழுந்து விரிகிறது. வயலின்கள் அலையலையாக வந்து போக, இரு குரல்களும் அவற்றுக்கு ஈடுகொடுத்து நிற்கின்றன. இரண்டாவது, ஒருவன் சொல்லச் சொல்ல ஒருத்தி எழுதும் கடிதம். அவன் பேச்சுத் தமிழில் தட்டுத் தடுமாறிச் சொல்வதை அவள் வாங்கி மெட்டில் படிக்கிறாள், அவள் படிப்பதைக் கேட்டு அவனும் மெல்லப் பாடத் தொடங்குகிறான். பேச்சு எந்த இடத்தில் பாட்டாகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. ஒரே இசையமைப்பாளர், ஒரே கவிஞர், ஒரே பாடகி, ஒரே நாளில் வெளியான இரண்டு படங்களில் காதலுக்கு இவ்வளவு வேறுபட்ட இரண்டு வடிவங்களைத் தந்திருக்கிறார்கள். தமிழ்த் திரையிசையைப் பற்றிப் பேச இதைவிடச் செழிப்பான இடம் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. அதைப் பேசாமல் 33 ஆண்டுகளாக வெற்றி தோல்விக் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தோம் என்று எண்ணும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

33 என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2024இல் மலையாளத்திலிருந்து மஞ்ஞும்மல் பாய்ஸ் வந்தது. கொடைக்கானலில் குணா படப்பிடிப்புக்குப் பிறகு குணா குகை என்று பெயர் பெற்ற இடத்தில், 2006இல் விழுந்துவிட்ட நண்பனை மீட்ட இளைஞர்களின் உண்மைக் கதை அது. இயக்குநர் சிதம்பரம் அப்படத்தில் 'கண்மணி அன்போடு' பாடலை நட்பின் பாடலாக மாற்றி வைத்தபோது, தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் மக்கள் கைதட்டிக் கூடவே பாடினார்கள். ஒருவனின் பித்தேறிய காதலுக்காக எழுதப்பட்ட வரிகளுக்குள் இப்படி ஒரு பொருள் இருந்திருக்கிறது. அதை நமக்கு எடுத்துக் காட்டுவதற்குக் கொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு குழு வர வேண்டியிருந்தது. அவர்கள் குணாவின் வசூலைப் பார்த்து அந்தப் பாடலைத் தேர்ந்தெடுக்கவில்லை.

அன்பே சிவம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2003 பொங்கலுக்கு வந்து திரையரங்குகளில் தோற்ற அந்தப் படத்தில், கமல்ஹாசனின் பாத்திரம் சுனாமியைப் பற்றிப் பேசுகிறது. அன்று அந்தச் சொல்லைக் காதில் வாங்காமலே பலரும் கடந்து போயிருப்பார்கள். 2004 டிசம்பருக்குப் பிறகு நம் கடற்கரைகளில் யாராலும் அப்படிக் கடக்க முடியாது. படம் மாறவில்லை, நாம் மாறியிருக்கிறோம். முதல் வாரத்தில் கணக்கை முடித்துவிடுகிறவர்கள் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு இடமே வைப்பதில்லை.

பழைய படங்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று நினைப்பவர்களுக்காக மெய்யழகனைச் சொல்கிறேன். 2024 செப்டம்பர் இறுதியில் வெளியான அப்படம் நீளமாக இருக்கிறது என்ற கருத்து முதல் சில நாள்களிலேயே பரவியது. உடனே சுமார் 18 நிமிடக் காட்சிகளை நீக்கினார்கள். அடுத்த மாதமே அது ஓடிடியில் வந்தபோது, திரையரங்குக்குப் போகாதவர்களும் வீட்டில் உட்கார்ந்து பார்த்து, அரவிந்த்சாமியும் கார்த்தியும் இரவெல்லாம் பேசிக்கொண்டிருப்பதில் தங்கள் ஊரையும் விட்டு வந்த வீட்டையும் கண்டதாக எழுதினார்கள். அவசரமாக உருவான ஒரு பொதுக் கருத்துக்காக அந்தக் காட்சிகள் வெட்டப்பட்டன என்பது எனக்கு இன்றும் ஆறாத குறை. நிதானமே உயிராக உள்ள படத்தில் நீளம் குற்றமா என்று விவாதிக்க நமக்கு ஒரு மாதமாவது கிடைத்திருக்க வேண்டும்.

பாடல்களின் நிலையும் இதுதான். 24 மணி நேரத்தில் எத்தனை பார்வைகள் என்பதுதான் இன்று ஒரு பாடலின் முதல் செய்தி. விளம்பரமாகக் காட்டப்படும் பார்வைகளை அந்தச் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று 2019இல் யூடியூப் நிறுவனமே அறிவிக்கும் அளவுக்கு அந்தப் போட்டி முற்றியிருந்தது. ரவுடி பேபி பாடல் 2020 நவம்பரில் 100 கோடி பார்வைகளைத் தொட்டபோது நாம் எண்ணைக் கொண்டாடினோம். பாடகி தீயின் கரகரப்பான குரல் அந்தப் பாடலுக்குத் தரும் மிடுக்கையும், பிரபுதேவா அமைத்த அசைவுகளைச் சாய் பல்லவி உடல் எடையே இல்லாதவர்போல் ஆடியதையும் பற்றி அதே அளவு எழுதியிருந்தால், யுவன் சங்கர் ராஜாவின் தாளக்கட்டு ஏன் கால்களை இழுக்கிறது என்பதையாவது பேசத் தொடங்கியிருப்போம்.

முதல் நாள் விமர்சனங்களைத் தடை செய்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று தயாரிப்பாளர்களில் ஒரு பகுதியினர் நம்புகிறார்கள். 2024இல், படம் வெளியாகி முதல் மூன்று நாள்கள் விமர்சனம் கூடாது என்று கேட்டு அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியபோது, நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. அந்த மறுப்பை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். காசு கொடுத்துப் பார்த்தவர் வெளியே வந்ததும் தம் கருத்தைச் சொல்வதை யாரும் தடுக்கக் கூடாது. தனிமனித வசையும் பணம் வாங்கிக்கொண்டு எழுதுவதும் வேறு, அவற்றைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் நாள் கருத்துக்கு உரிமை கேட்கும் நாம், முப்பதாம் நாள் கருத்துக்கும் இடம் வைத்திருக்க வேண்டும். அன்று பிடிக்காதது இன்று பிடித்திருக்கிறது என்று எழுதுபவரைப் பல்டி அடித்துவிட்டார் என்று ஏளனம் செய்யும் பழக்கம் இருக்கும்வரை, யாரும் ஒரு படத்தை இரண்டாம் முறை திறந்த மனதோடு பார்க்கத் துணிய மாட்டார்கள்.

நண்பர்களிடம் நான் கேட்பது எளிமையானதுதான். ஒரு படம் பிடித்தது அல்லது பிடிக்கவில்லை என்று எழுதும்போது, எந்தக் காட்சியில் அப்படித் தோன்றியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு பாடலைப் பற்றிச் சொல்லும்போது எந்த வரி, எந்த இடையிசை, யாருடைய குரல் என்று குறிப்பிடுங்கள். அப்படி எழுதினால் மறுப்பவரும் அதே காட்சிக்கு, அதே இடையிசைக்குத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். அந்தப் பதில் என் கருத்துக்கு நேர் எதிராக இருந்தாலும் அதை மகிழ்ச்சியோடு படிப்பேன். வசூல் பட்டியலை ஒட்டுபவர்களுக்கு மட்டும் இனி நான் பதில் எழுதப் போவதில்லை.