அந்தப் பனரைக் கீறியது யார்?

சனிக்கிழமை பிள்ளைகளுக்கான பாராட்டு விழாவில் நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நேற்றிரவு ஒருவர் அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் மூன்றும் போட்டிருந்தார். சரி, எழுதுகிறேன்.

மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பனரைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவமும் பொறியியலும் கிடைத்த பதினொரு பிள்ளைகளின் முகம். அதைக் கீறியது, அதாவது வடிவமைத்தது, பன்னிரண்டாவது பிள்ளை. அவளுக்கும்தான் அனுமதி கிடைத்தது, அமெரிக்காவில், உதவித்தொகையோடு. ஆனால் ஸ்டூடியோ ஆர்ட்டும் கிராபிக் டிசைனும் என்பதால் அவளுக்குப் பனரில் இடமில்லை. இரண்டு இரவு என் டிசைன் கடையில் இருந்து மற்றப் பிள்ளைகளின் படங்களுக்குப் பின்னணி வெட்டினாள். ஒருத்தியின் காதோரத்து முடி வெட்டுப்பட்டுவிட்டது என்று முதலில் இருந்து செய்தாள். கூலி ஒரு பிளேன்டீ. அதுவும் நான் வாங்கிக் கொடுத்தது.

பிறகு சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, “சித்திரம் கீறவும் ஒரு கம்பஸ் படிப்போ? அதுக்கு அமெரிக்காவோ?” என்று கேட்க, சபை சிரித்தது. அவள் மூன்றாவது வரிசையில் தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள்.

ஐயா, நீங்கள் அதைச் சொன்னது அவள் கீறிய பனருக்கு முன்னால் நின்று. உங்கள் பெயருக்கு மேலே ‘கௌரவ’ என்று இருந்ததே, யூனிகோட் எழுத்தைப் பழைய போட்டோஷொப்பில் அப்படியே ஒட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழும். எழுத்து எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றினால்தான் சரியாக வரும். அவள் மாற்றியிருக்காவிட்டால் உங்கள் கௌரவம் அன்றைக்கே கவிழ்ந்திருக்கும்.

அவள் போகும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்றால் ஏ.எல் (உயர்தர) கலைப்பிரிவு என்று நினைத்துக்கொண்டும் சிலர் கதைக்கிறார்கள். அது நாலு வருடப் படிப்பு. கணிதம், உயிரியல், வரலாறு எல்லாம் தொட்டுப் பார்த்து, பெரும்பாலும் இரண்டாம் வருட முடிவுக்குள்தான் முதன்மைப் பாடத்தை அறிவிக்க வேண்டும். மொத்தப் படிப்பில் சித்திரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கோட்டுச் சித்திரத்தில் தொடங்கி, அச்சுக்கலை, எழுத்துரு வடிவமைப்பு என்று போகும். செய்ததைச் சுவரில் மாட்டிவிட்டு, வகுப்பே அதைப் பிய்த்துப் பிய்த்துக் கதைக்கும்போது நின்று கேட்க வேண்டும். கடைசி வருடம் கண்காட்சி வைக்க வேண்டும். விண்ணப்பத்துக்கே கட்டுரை, ஆசிரியர் கடிதம், தன் படைப்புகளின் தொகுப்பு எல்லாம் கேட்டார்கள். தொகுப்புக்கான படங்களை எங்கள் கடைக்குப் பின்னால் மாமர நிழலில் வைத்துப் போனில் எடுத்தோம். சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

“வேலை கிடைக்குமோ?” வேலை கேட்டு வீதியில் இருந்த பட்டதாரிகள் எல்லாரும் சித்திரம் படித்தவர்களோ? “பெண்பிள்ளை தனியாக...” இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. “திரும்பி வருவாளோ?” பனரில் இருக்கும் பதினொரு பேரிடமும் கேட்டுவிட்டு வாருங்கள்.

“இங்கேயே படிக்கலாமே” என்பது மட்டும் நியாயமான கேள்வி. படிக்கலாம். மருதனார்மடத்தில் யாழ். பல்கலைக்கழக நுண்கலைப் பிரிவில் படிக்கலாம், மட்டக்களப்பில் விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கலாம். ஆனால் அங்கே போன எங்கள் பிள்ளைகளில் யாரை நீங்கள் பனரில் போட்டீர்கள்? ஒரு பெயர் சொல்லுங்கள்.

இன்னொன்று. போன வருடம் ஒரு அம்மா ஒரு படம் கொண்டு வந்தா. மகனின் ஒரே படம். தறப்பாள் கூடாரத்துக்குள் நனைந்து பாதி முகம் இல்லை. மற்றக் கடைகளில் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். இந்தப் பிள்ளை அவவை இருத்தி, உச்சி எந்தப் பக்கம் பிரிப்பான், சிரித்தால் எந்தக் கன்னம் குழியும் என்று ஒரு மணித்தியாலம் கேட்டுக் கேட்டு மற்றப் பாதியைக் கீறினாள். அந்த அம்மா படத்தைப் பார்க்கவில்லை, தடவினா. அவவிடம் போய்க் கேளுங்கள், சித்திரம் கீறவும் ஒரு படிப்போ என்று.

2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்த மெனிக் பாம் முகாமில் எங்களை வைத்திருந்த பகுதிக்கு ஆனந்த குமாரசுவாமி என்று பெயர். மற்றப் பகுதிகள் இராமநாதன், அருணாசலம் என்று இருந்ததால் இவரும் ஒரு அரசியல்வாதியாக்கும் என்றார் அப்பா. அங்கே தண்ணீர்க் கான்களில் பெயர் எழுதிக் கொடுத்துத்தான் எனக்கு எழுத்து பழகியது. ஓ.எல் (சாதாரணதர) பரீட்சையில் சித்திரத்துக்கு ஏ எடுத்தேன். சித்திரம் சோறு போடாது என்று சொல்லி வர்த்தகம் படிக்க வைத்தார்கள். இப்போது வீட்டுச் சோறு இந்தக் கடையில் இருந்துதான் வருகிறது. அப்பாவைக் குறை சொல்லவில்லை. ஆனாலும்.

குமாரசுவாமி யார் என்று பல வருடம் கழித்துத்தான் தேடிப் பார்த்தேன். கொழும்பில் பிறந்தவர், கலை வரலாற்றாசிரியர். 1917இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய், 1947இல் சாகும்வரை அங்கேதான் இருந்தார். சித்திரத்துக்கு அமெரிக்காவோ என்று அவரையும் ஒரு மேடையில் ஏற்றிக் கேட்டிருப்பீர்கள். முள்வேலிக்குள் அடைத்த இடத்துக்கு வைக்க மட்டும் அவருடைய பெயர் நல்லது.

எங்கேயோ போய்விட்டேன். நான் கேட்டது ஒன்றுதான், அந்தப் பனரைக் கீறியது யார்? சாமத்தியவீட்டு அட்டை, கண்ணீர் அஞ்சலி, அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகம் என்று இரவு பதினொரு மணிக்கும் வந்து கதவைத் தட்டுவீர்களே, அதெல்லாம் தானாக முளைக்கிறதோ?

திங்கட்கிழமை காலை விழாக்காரருக்குப் பனர் பில் அனுப்பினேன். “தங்கச்சி, இதுக்குமா காசு?” என்று பதில் வந்தது.

பிள்ளைக்கு ஓகஸ்ட்டில் பயணம். பெரிய குளிர் ஜக்கெற் யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். அறிவுரை போதும், அது நிறையச் சேர்ந்துவிட்டது.